பெட்டிக்குள் ஒரு வெளியாள்

மறுபடியும் அதே சிவப்பு எழுத்துதான். மகள் ஹெப்சி டேப்லட்டு என்று சொல்லும் இந்தச் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன், நாலு நாளாக அதே சிவப்பு. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் சிவப்பு வாசிக்க வரும். முப்பத்தாறு வருசம் ஆற்றங்கரை மோட்டார் ரூமில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றினவன் நான். பேனலில் ஆன், ஆஃப், ட்ரிப் என்று மூன்று சொல்தான், அந்த மூன்றை வைத்தே பென்சன் வரைக்கும் வந்துவிட்டேன். ட்ரிப் என்று சிவப்பு எரிந்தால் உடனே ரீசெட்டை அமுக்காதே, மோட்டார் மேல் காதை வை, எதுக்கு நின்னேன்னு அதுவே சொல்லும் என்பார் எங்கள் மேஸ்திரி. இந்தப் பெட்டி மேலும் காதை வைத்துப் பார்த்துவிட்டேன். மீட்டர் போர்டுக்குக் கீழே, மரத் தட்டில், சோப்பு டப்பா அளவுக்கு இருக்கிறது. காதை வைத்தால் சத்தமே கிடையாது, கொஞ்சம் வெதுவெதுப்பு மட்டும், காய்ச்சல் விடுகிற பிள்ளையின் நெற்றி மாதிரி. முதல் இரண்டு நாளும் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். அதைப் பார்த்து ஹெப்சி, "எப்பா, அது மோட்டார் இல்ல, சும்மா சும்மா அணைச்சீயன்னா உள்ள இருக்க எழுத்தெல்லாம் கெட்டுப்போவும்" என்றாள். எழுத்து கெட்டுப்போகிறதாம். மணி மூன்று பத்து. நாற்காலியை வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், முதுகு கதவில் சாய்ந்திருக்கிறது, உள் அறையில் என் வீட்டுக்காரி ஞானப்பூ தூங்குகிறாள், அவள் மூச்சு எனக்கு இங்கே கேட்கிறது, இழுத்து விடும்போது ஒரு சின்ன விசில். அந்த விசில் கேட்கிற வரைக்கும் பயமில்லை. விசில் நின்றால் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம், கண்ணைத் திறந்தால் கால் தரையில், கால் தரையில் பட்டால் வாசல். பூட்டிவிட்டால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள், நாங்களும் பூட்டிப் பார்த்தோம். பூட்டின கதவை அவள் இரண்டு கையாலும் அறைந்து அறைந்து மணிக்கட்டு வீங்கிப் போய், "என்ன ஜெயில்ல போட்டுட்டானுவ, ஏய் யாராவது வாங்களேன்" என்று அவள் கத்தினதில் எதிர்வீட்டு வாத்தியார் சட்டை போடாமல் ஓடிவந்தார். மறதி நோய்க்குப் பூட்டு ஆகாது, பூட்டாதீங்க, கண்காணிங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்காணிக்கத்தான் இந்தப் பெட்டி.

கதவில் ஒரு வெள்ளைத் துண்டு, நிலையில் ஒரு வெள்ளைத் துண்டு, இரண்டும் காந்தம். ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் பெட்டிக்குத் தெரியும், பெட்டி என் போனுக்கும் ஹெப்சி போனுக்கும் சொல்லும், போன் ஆம்புலன்ஸ் மாதிரிக் கத்தும். வீட்டுக்குள் மணி வைக்கக்கூடாது, அந்தச் சத்தத்துக்கு ஞானப்பூ நடுங்கிப் போகிறாள், அதனால் போனில் மட்டும். இது போக ராத்திரி அவள் எழுந்தால் கக்கூஸ் லைட்டு தானாக எரியும், தொட்டி குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். முப்பத்தாறு வருசம் மோட்டார் போட்டவன் வீட்டில் மோட்டார் தானாக ஓடுகிறது என்று அப்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ரோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு வருசம் சொன்னபடி கேட்டது. போன வெள்ளிக்கிழமை போன் தன்னால் புதுசாகிக்கொண்டதாம். ராத்திரி நாம் தூங்கும்போது அதுபாட்டுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொள்ளுமாம். விடிந்து பார்த்தால் புதுப் போன் பழைய பெட்டியோடு பேசமாட்டேன் என்கிறது, நீயும் புதுசாகிக்கொண்டு வா அப்புறம் பேசலாம் என்கிறது. சரி, பெட்டியைப் புதுசாக்கு என்றால், பெட்டி மாட்டேன் என்கிறது. அதற்குத்தான் இந்தச் சிவப்பு. கம்பெனிப் பெட்டியாக இருந்தால் கம்பெனிக்காரன் வருவான், வராவிட்டாலும் கூப்பிட்டு ஏசவாவது ஒரு நம்பர் இருக்கும். இது எந்தக் கம்பெனியும் இல்லை. "நம்ம வீட்டு விசயம் நம்ம வீட்டுச் சுவத்துக்குள்ளேயே இருக்கணும் மாமா, அத்தை எத்தன மணிக்கு எந்திக்காவன்னு எவனோ ஒரு கம்பெனிக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லி, வெளியில் இருந்து உள்ளே வர ஒரு ஓட்டைகூட வைக்காமல், ஸ்க்ரூ ஸ்க்ரூவாகத் தானே உட்கார்ந்து செய்தது. செய்தது யார் என்று இந்த வீட்டில் பேச்சு கிடையாது. ஹெப்சி பேர் சொல்லமாட்டாள். "இத மாட்டுன ஆளு" என்பாள். நானும் அப்படித்தான் சொல்லப் பழகிவிட்டேன். டைட்டஸ். என் மருமகன், ஹெப்சி புருசன். மனசுக்குள் சொல்லும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன் பாருங்கள்.

நேற்று ராத்திரி ஹெப்சி இந்தச் சிவப்பை எனக்கு வாசித்துச் சொன்னாள். "பெட்டிக்குள்ள அதுக்குச் சம்பந்தம் இல்லாத வெளியாள் ஒண்ணு ஓடுதாம்ப்பா. அது ஓடுற வரைக்கும் புதுசு எதையும் உள்ள விடமாட்டேங்குது. வெளியாள நிறுத்திட்டு, அப்டேட்ட அமுக்குனா போதும். கம்ப்யூட்டர்காரங்க பேசிக்கிடுற இடத்துல போட்டிருக்கு." யாரந்த வெளியாள் என்று கேட்டேன். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஏழு புரோகிராம்தான் இருக்க வேண்டியது. கடைசில எட்டாவதா டெஸ்ட் ரெண்டுன்னு ஒண்ணு கெடக்கு. மாட்டுன ஆளு சோதனைக்குப் போட்டுட்டு மறந்திருக்கும். இந்தச் சிவப்புச் சதுரத்த அமுக்குனா நின்னுரும். காலையில எனக்குப் பரீட்சை டூட்டி, ஹாலுக்குள்ள போன் கொண்டு போவ முடியாது. மத்தியானம் அம்மா தூங்கும்போது நீங்களே அமுக்கிருங்க, என்னப்பா?" சரிம்மா, அமுக்கிருதேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். இதோ அந்தச் சிவப்புச் சதுரம், என் கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும். காலை பத்து மணியிலிருந்து இதன் மேல் விரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுக்கிறேன். டெஸ்ட் ரெண்டு என்னவென்று ஹெப்சிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அது நாலு மணிக்குப் பேசும். ஃபிரிட்ஜ் மேல் உருண்டையாக ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதே, அது வழியாக. "அத்தை, நாலு மணியாச்சு. காப்பியக் குடிச்சிட்டு அந்த மஞ்ச மாத்திரையப் போட்டுக்கிடுங்க. வெளிய நல்ல வெயிலு, இப்ப எங்கயும் போவாண்டாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." அவ்வளவுதான். டைட்டஸ் குரல். நாலு மணி ஆனால் ஞானப்பூவுக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு தவிப்பு வந்துவிடும். இதுதான் வீடு என்றால், "இது உங்க வீடு, நான் எங்க வீட்டுக்குப் போணும்" என்பாள். நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன், அதட்டிப் பார்த்திருக்கிறேன், சொந்த மகள் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் குரலுக்குக் கேட்பாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஃபிரிட்ஜுக்கு முன்னால் மரியாதையாக நின்று, "சரி மாப்ள, எப்ப வாரீய?" என்பாள். ஸ்பீக்கர் பதில் சொல்லாது, அதில் அவ்வளவுதான் பதிந்திருக்கிறது. அவளும் காத்திருக்கமாட்டாள், உட்கார்ந்து காப்பி குடிப்பாள், ஆறு மணி வரைக்கும் வாசல் பக்கம் திரும்பமாட்டாள். ஐப்பசியில் தெருவே குளமாகக் கிடந்த அன்றைக்கும் அது வெயில் என்றுதான் சொன்னது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், மாப்ளைக்கு மட்டும் வெயில் அடிக்கி" என்றாள். ஒரு வருசமும் ஒரு மாசமுமாக இது ஓடுகிறது, ஹெப்சிக்குத் தெரியாமல். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்து வர ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் மூன்றே முக்காலுக்கே ஸ்பீக்கர் பிளக்கை நான் பிடுங்கிவிடுவேன், அன்றைக்கு ஹெப்சி அம்மாவைக் கையைப் பிடித்து நூலகம் வரைக்கும் நடத்திக்கொண்டு போவாள். பெற்ற மகளுக்கு ஒளித்து மருமகன் குரலை வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். வெளியாள் என்று பெட்டி சொல்லுவது சரிதான், அதை அவன் வெளியில்தான் வைத்தான், "இது இப்ப டெஸ்ட்டு மாமா. அத்தை கேக்காவளான்னு பாப்போம், கேட்டாவன்னா அடுத்த வாரம் முறையா உள்ள சேத்துருதேன்" என்றான். அடுத்த வாரம் அவன் இந்த வீட்டில் இல்லை. ஓசூரில் வேலை கிடைத்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று இருபத்தைந்து. விசில் ஓடுகிறது. சதுரத்தை அமுக்கினால் போனில் கதவுமணி வரும், குரல் போகும். அமுக்காவிட்டால் குரல் இருக்கும், கதவுமணி இருக்காது. குரல் போனால் நாலு மணிக்கு அவள் வாசலுக்கு வருவாள், போன் கத்தும், நான் ஓடிப்போய்ப் பிடிப்பேன், தினமும் பிடிப்பேன், தினமும் அவள் என் கையைத் தட்டிவிட்டு யாருடா நீ என்பாள். பிடிக்க முடியாத ஒரு நாள் வரும். மணி இல்லாவிட்டால்? நாலு மணிக்கு அவளைக் குரல் பிடித்து வைக்கும், சரி, விடியக்காலம் ஐந்து மணிக்கு யார் பிடிப்பது? நேற்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். முழித்தபோது நாற்காலி கொஞ்சம் நகர்ந்து கதவு இரண்டு விரல்கடை திறந்திருந்தது. அவள் எனக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சந்து வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் தோள்மேல் ஒரு கை, விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்தமாதிரி. இன்னொரு கால் மணி நேரம் நான் தூங்கியிருந்தால் என்று நினைக்கிறேன், நினைக்கவே கூடாது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி உண்டா? ஒருதரம் மோட்டார் ரூமில் ஓவர்லோடு ட்ரிப் சும்மா சும்மா விழுகிறதென்று ஒரு துண்டு வயரை வைத்து அதைக் கட்டிப்போட்டேன். ட்ரிப் விழவே இல்லை, அருமையாக ஓடிற்று, மூன்றாம் நாள் மோட்டார் சுருள் கருகி ஒரே புகை, ஊருக்கு எட்டு நாள் தண்ணி இல்லை. மேஸ்திரி ஏசவில்லை, "பயப்படுத சத்தத்தோட வாயக் கட்டிட்டியேடே" என்றார், அவ்வளவுதான். இப்போது கட்டிப்போட எந்த வயரும் என் கையில் இல்லை. இதைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆளிடம் எப்படிக் கேட்பது. மருமகனிடம் மாமனார் தானாகப் போன் போட்டு உதவி கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது, மகளை நல்லபடி வைத்திருக்கிற மருமகனிடமே கிடையாது. அதுவா காரணம்? அது இல்லை. எதையோ சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.

அன்றைக்கும் மணி இதே நேரம்தான் இருக்கும். புரட்டாசி வெயில். டைட்டஸ் இந்த ஹாலில், அந்த மூலையில், காதில் பெரிய கறுப்புக் குமிழ் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் யாருடனோ வேலை பேசிக்கொண்டிருந்தான். ஞானப்பூ தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காணாமல் போனதும், தெருத்தெருவாகத் தேடினதும், ராத்திரி பத்தரைக்கு ஆற்றங்கரையில் என் பழைய மோட்டார் ரூம் வாசலில் ஒரு வெறும் தூக்குவாளியோடு நின்றவளை மீன்பிடிக்கிறவர்கள் பார்த்துச் சொன்னதும், செருப்பில்லாத காலில் இருந்து ரத்தம் காய்ந்து போயிருந்ததும், "இவியளுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன், கதவைத் திறக்க மாட்டேங்காவ" என்று, நான் உள்ளே இருக்கிற நினைப்பில் அவள் அழுததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஹெப்சி டைட்டஸைப் பார்த்து, "காதுல அத மாட்டிக்கிட்டு இருந்தீயளே, எங்கம்மா உங்க முன்னால நடந்து போனதுகூடத் தெரியலயா" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதோடு முடிந்திருக்கும். நான்தான் வாசலில் வைத்து, தெரு முழுக்கக் கேட்க, ஒரு சொல் சொன்னேன். அவன் போர்டிங்கில் வளர்ந்தவன், மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தவன். "தாயோட வளந்திருந்தால்ல தாய் அருமை தெரியும்" என்றேன். அந்தச் சொல் என் வாயில் இருந்து போய் அவன் முகத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அவன் மறுநாளே கடைக்குப் போய் இந்தக் காந்தத்தையும் வயரையும் வாங்கி வந்தான். ஒரு மாசம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தான், யாரோடும் பேசவில்லை, பெட்டியோடு மட்டும் பேசினான். ஹெப்சி அவன் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். இதுவும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அது கொண்டி.

எங்கள் வெளிக்கேட்டுக் கொண்டி துருப்பிடித்தது, போட்டாலும் எடுத்தாலும் நாயை மிதித்தமாதிரி ஒரு சத்தம். எண்ணெய் விடாதீங்க, சத்தம் கேட்டால்தான் அம்மா போனால் தெரியும் என்று ஹெப்சி சொல்லியிருந்தாள். அன்றைக்கு மூன்றரைக்கு எனக்கு மூக்குப்பொடி வேண்டியிருந்தது. பொடியை விட்டுவிட்டேன் என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி மூன்று மாசம்கூட ஆகவில்லை. கடைக்குப் போகிற சத்தம் கேட்டால் மருமகன் எட்டிப் பார்ப்பான், எங்க மாமா என்பான், மூக்கைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவான். அதனால் கொண்டியைப் பைய, இரண்டு கையாலும், சத்தமே வராமல் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, கேட்டை ஒருக்களித்துவிட்டுப் போனேன். திரும்பப் போட்டால் கத்துமே. பத்து நிமிசம்தானே. கடையில் ஒரு பழைய கூட்டாளி, அவனுக்கு மகன் கல்யாணம், பேச்சு. முக்கால் மணி நேரம். திரும்பி வரும்போது கேட்டு விரியத் திறந்து கிடந்தது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கொண்டியை எடுத்துப் போட்டேன். கத்திற்று. அதைக் கேட்டு டைட்டஸ் குமிழைக் கழற்றிக்கொண்டு எழுந்து வந்து, "யாரு மாமா, போனது யாரு, வந்தது யாரு?" என்றான். நான் இப்பத்தான் வாரேன் என்றேன். அதற்கப்புறம் ஒரு வருசம் இரண்டு மாசமாக நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பொடியையும் உண்மையாகவே விட்டுவிட்டேன், யாருக்கு அதைப்பற்றி என்ன.

மூன்று நாற்பது. சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தேன். அவன் நம்பரைத் தண்ணி லாரி என்ற பேரில் வைத்திருக்கிறேன், ஹெப்சி கண்ணில் பட்டாலும் தெரியாது. தண்ணி லாரியை அமுக்கினேன். மூன்று தடவை அடித்ததும் எடுத்துவிட்டான், "மாமா? அத்தைக்கு என்ன?" எடுத்தவுடன் அதுதான். பின்னால் ஏதோ மெசின் ஓடுகிற சத்தம், பெல்ட் ஓட்டம், நல்ல ஓட்டம், ஆனால் ஒரு பேரிங்கு தேய்ந்திருக்கிறது. "அத்தைக்கு ஒண்ணுமில்ல மாப்ள. பெட்டிக்குத்தான்" என்றேன். ஒரு பெரிய மூச்சு விட்டான், அது என் காதில் காற்றாகவே விழுந்தமாதிரி இருந்தது. பிறகு இரண்டு பேரும் பெட்டியைப் பற்றி மட்டுமே பேசினோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ஆம்பிளைகள் மழையைப் பற்றிப் பேசுகிறமாதிரி. சிவப்பு என்ன சொல்லுகிறது என்று ஹெப்சி சொன்னதைச் சொன்னேன். "டெஸ்ட் ரெண்டா? அது இன்னுமா ஓடுது? நான் போன அன்னைக்கே பிடுங்கிப் போட்டிருப்பீயன்னுல்லா நெனச்சேன்." "தினம் ஓடுது மாப்ள." "தினமுமா?" "ஞாயித்துக்கிழமை கிடையாது." "அத்தை கேக்காவளா?" "பதிலே சொல்லுதா அவ." யாரோ சார் சார் என்று கூப்பிட்டார்கள், அவன் வாரேன் என்று சொல்லி எங்கோ நடந்தான், கதவு சாத்துகிற சத்தம், மெசின் தூரப் போய்விட்டது. "மாமா, அத உள்ள முறையா சேக்கணும்னா நான் அங்க வந்து உக்காந்துதான் செய்யணும். இங்க இருந்து வர வழி கிடையாது, நான்தான் எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கேன். இப்போதைக்கு அத நிறுத்திருங்க. மணிதான் முக்கியம். மணி இல்லாம ஒரு நாளும் இருக்கக்கூடாது." "அப்ப நாலு மணிக்கு?" என்று கேட்டேன். கேட்டது என் குரல் மாதிரியே இல்லை. "இன்னைக்கு நான் போன்ல பேசுதேன். ஃபிரிட்ஜ் மேல வச்சு ஸ்பீக்கர்ல போடுங்க." நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. கொண்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாப்ள என்றேன். "என்ன மாமா?" "அந்த பேரிங்க மாத்தச் சொல்லுங்க, தேஞ்சு போயிருக்கு" என்றேன். அவன் சிரித்தான்.

அமுக்கினேன். நிறுத்தட்டுமா என்று ஒரு கட்டம் வந்தது, ஆமா என்கிற பக்கத்தை அமுக்கினேன், எட்டாவது பேர் ஒருதரம் வெளிறிவிட்டு இல்லாமல் போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு ஆளை வீட்டைவிட்டு அனுப்புவது இவ்வளவு லேசாகவா இருக்கும், முன்னேயும் இவ்வளவு லேசாகத்தான் இருந்ததோ. சிவப்பு எழுத்து போய், ஊதாவாக ஒரு கட்டம் வந்தது, ஹெப்சி சொல்லித்தந்தபடி அதையும் அமுக்கினேன். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிறது சுற்றுகிறது, நான் அதைப் பார்க்கவில்லை, உள் அறை விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு பெட்டி விளக்கு அணைந்தது. சுவிட்ச் போர்டுக்குள் டக் டக் டக் என்று ஒவ்வொன்றாக விழுந்தது, கக்கூஸ் லைட்டு ஒருதரம் எரிந்து அணைந்தது, பிறகு வீடே மூச்சைப் பிடித்தமாதிரி ஒரு நிமிசம். அந்த ஒரு நிமிசத்தில் எங்கள் வீட்டை யாரும் கண்காணிக்கவில்லை, நான் மட்டும்தான். பச்சை வந்தது. சிலேட்டில் சிவப்பு எங்கேயும் இல்லை. எழுந்து நாற்காலியை நகர்த்தி, கதவை ஒரு விரல்கடை திறந்தேன். சட்டைப் பைக்குள் போன் அலறிற்று, நெஞ்சிலேயே அறைந்தமாதிரி. வேலை செய்கிறது. சந்தோசப்பட வேண்டும், படத்தான் செய்தேன், அவசரமாக அதை அணைத்தேன். அந்த அலறலில் விசில் நின்றுவிட்டது. கட்டில் முனகிற்று. கால் தரையில். அடுப்பில் காப்பிக்குப் பால் வைக்கவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஞானப்பூ வந்தாள். தலை ஒரு பக்கம் கலைந்து, கையில் தலையணை உறையைப் பை மாதிரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. "நான் வாரேன், எங்க வீட்ல தேடுவாவ" என்று யாரிடமோ சொன்னாள். போனை ஃபிரிட்ஜ் மேல் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்று ஐம்பத்தெட்டுக்கே அடித்துவிட்டது, எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "அத்தை" என்றான். அவள் நின்றாள். "அத்தை, நாலு மணியாச்சு. காப்பியக் குடிச்சிட்டு அந்த மஞ்ச மாத்திரையப் போட்டுக்கிடுங்க." பதிந்த குரலில் இல்லாத ஒரு கரகரப்பு, எச்சில் விழுங்குகிற சத்தம், சொல்லுக்குச் சொல் நடுவில் மூச்சு. "வெளிய நல்ல வெயிலு, இப்ப எங்கயும் போவாண்டாம்." அதோடு நிறுத்திவிட்டான். கூட்டிட்டுப் போறேன் என்கிற அந்தக் கடைசிச் சொல் வரவில்லை. ஞானப்பூ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி மாப்ள. எப்ப வாரீய?" என்றாள். வழக்கமாகக் கேட்டுவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவாள். இன்றைக்குப் போகவில்லை. அந்த மூச்சு அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஃபிரிட்ஜையே பார்த்தபடி நின்றாள். "ஏன் மாப்ள பேசாம இருக்கீய? மெலிஞ்சு போயிருக்கீயளோ? குரலே மெலிஞ்சிருக்கு. எப்ப வாரீயன்னு கேட்டேன்." ஓசூரில் எங்கோ ஒரு கதவு திறந்து மெசின் சத்தம் பெரிதாகி மறுபடி அடங்கிற்று. "மாமாட்ட கேளுங்க அத்தை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் திரும்பினாள். என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள், சட்டை, வேட்டி, வெறுங்கால், மறுபடி முகம். நாற்பத்தொரு வருசம் பார்த்த முகம். "இவியட்டயா?" என்றாள் போனைப் பார்த்து, ஒரு சின்னச் சிரிப்போடு, மாப்பிள்ளை ஏதோ கேலி பேசுகிறார் என்பது மாதிரி. "இவிய யாரு?" போனில் அவனும் காத்துக்கொண்டிருந்தான், அந்த மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் வீட்டுக்காரன் என்று சொல்லலாம், அதைத் தினமும் சொல்லுகிறேன், அவள் நம்பியதில்லை. இன்றைக்கு அது வாயில் வரவில்லை. நான் போனுக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்: "அன்னைக்கு வெளிக்கேட்டுக் கொண்டியப் போடாமப் போனவன்."